பின்னால் நிற்பவரின் கை

என் ஜிம்மில் கண்ணாடி கிடையாது. தொடங்கிய புதிதில் இரண்டு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி பூட்டினேன். கடற்காற்று ஒரு வருடத்துக்குள் பின்பூச்சைத் தின்றுவிட்டது. பார்த்தவர்களின் முகமெல்லாம் அம்மைத் தழும்போடு தெரிந்தது. கழற்றி எறிந்தேன். இப்போது யாராவது கண்ணாடி கேட்டால், இரும்பு தூக்க வந்தீர்களா, முகம் பார்க்க வந்தீர்களா என்று கேட்பேன். அப்படிக் கேட்டதில் சிலர் வராமல் போய்விட்டார்கள். போகட்டும்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் உள்ள என் ஹாட்வெயார் கடையின் பின்பக்கம், முன்பு சீமெந்து அடுக்கிவைத்த ஸ்டோர்தான் இந்த ஜிம். என் பெயர் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரன், ஊருக்கு 'நானா', அதாவது அண்ணன். இங்கே பாட்டுப் போடுவதில்லை, சுவரில் படம் ஒட்டுவதில்லை, தூக்குகிறவரைப் பார்த்து யாரும் கத்துவதும் கூடாது. இரும்புக்குக் காது கிடையாது. அதற்கு ஆள் பார்த்து நடக்கவும் தெரியாது. மந்திரியின் மகனுக்கும் மீன்காரனின் மகனுக்கும் நூறு கிலோ நூறு கிலோதான். இந்த நாட்டில் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் சாமான் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எனக்கு அதில் விருப்பம்.

ஞானமலர் இங்கே வந்தது முதுகு நோவோடு. அவர் மருத்துவமாது. சல்லிக் கிராமத்துப் பக்கம் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பவர், ஊரில் எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. மழை நாளொன்றில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, முதுகு பிடித்துப்போய், காலையும் இடுப்பையும் பலப்படுத்தச் சொல்லி டொக்டர் அனுப்பினார். நாற்பதைத் தாண்டிய, உயரம் குறைந்த, அதிகம் பேசாத பெண். முதல் நாள் வெறும் தண்டைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பச் சொன்னேன். எழும்பிவிட்டு, "இவ்வளவுதானோ?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது.

விஷயம் உண்மையில் அவ்வளவுதான். தண்டைத் தோளில் வைத்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போகும்வரை குந்தி, திரும்ப எழும்புவது. மூன்று வயதுப் பிள்ளை நாள் முழுக்க இதைத்தான் செய்கிறது. தோளில் உங்களைவிடப் பாரமான இரும்பு இருக்கும்போது மட்டும் கதை மாறும். அதிலும் ஒரே ஒரு தடவை, உங்களால் ஏலுமான ஆகக்கூடிய பாரத்தோடு என்று வந்துவிட்டால், குந்துகிற இடத்தில் ஒரு ஆள் தான் யார் என்று தெரிந்துகொள்வார். சிலருக்கு அது பிடிக்காது. மிஸ்ஸிக்குப் பிடித்துவிட்டது. முதுகு நோ போய்ப் பல காலம் ஆன பிறகும், விடிய நான் தொழுதுவிட்டு வந்து வாசலில் படுத்திருக்கும், இந்த ஊர்த் தெருக்களில் திரியும் மான்களை எழுப்பிக் கதவைத் திறக்கும்போது ஸ்கூட்டர் வந்து நிற்கும்.

ஸ்கூட்டரின் பின்னால் அவரது கணவர் நிக்கலஸ் இருப்பார். நிக்கலஸ் நாட்டாமை. எங்கள் பக்கம் நாட்டாமை என்றால் பஞ்சாயத்துக்காரர் அல்ல, மூட்டை சுமப்பவர். சீனன்குடாப் பக்கம் லொறிகளுக்குக் கோதுமை மா மூட்டை ஏற்றும் கூட்டத்துக்கு இப்போது அவர்தான் தலைவர். படித்த உத்தியோகக்காரப் பெண் ஒரு மூட்டைக்காரரைக் கட்டியதில் லிங்கநகரில் பல வீடுகளில் அந்தக் காலம் சோறு இறங்கவில்லையாம். அவர்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் இறங்கியது. மனிசி மேல் உயிராக இருக்கும் மனிதர். குடை பிடித்தால் தான் நனைவார், மீன் பொரித்தால் நடுத்துண்டு மிஸ்ஸிக்கு. பார்க்க எனக்குச் சில நேரம் எரிச்சலாகவும் இருக்கும். என் மனைவி ஹுஸ்னியா அதைக் கண்டுவிட்டு வந்து என்னை ஒரு பார்வை பார்ப்பது அதற்கு ஒரு காரணம்.

பாரம் கூடக் கூட, பின்னால் நிற்க ஆள் தேவைப்பட்டது. பின்னால் நிற்பவர் தூக்குகிறவரோடு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். அவர் குந்தும்போது தானும் குந்தி, எழும்பும்போது எழும்ப வேண்டும். தண்டைத் தொடக் கூடாது. ஏலாமல் போனால் மட்டும், அப்போதுதான், பிடிக்க வேண்டும். ஆண்களுக்கு நான் நிற்பேன். பெண்ணுக்கு எப்படி நிற்பது? மிஸ்ஸியும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிக்கலஸ் தானாகப் போய் நின்றார். தண்டை ஏற்றிவைக்கும் ராக்கின் இரண்டு பக்கமும் தண்டு தவறினால் ஏந்திக்கொள்ளக் குறுக்குக் கம்பி போட்டிருந்தேன். அது தன் முழங்காலில் இடிக்கிறதென்று அதையும் கழற்றச் சொன்னார்.

"கம்பி எதுக்கு நானா. நான் நிக்கிறன் தானே."

மூட்டை சுமந்து வைரம் பாய்ந்த உடம்பு. கம்பியைவிட அவர் நல்லவர் என்றுதான் நானும் நினைத்தேன்.

தொண்ணூறு வந்தது. நூறு வந்தது. அந்தத் தைப்பொங்கல் கழிந்த கையோடு மிஸ்ஸி நூற்றிப்பதினைந்து கிலோவோடு குந்தி எழும்பினார். அவருடைய எடை அறுபதுக்குக் கொஞ்சம் மேல். ஞாயிறு பூசை முடிவில் பாதர் அதை அறிவித்து எல்லோரும் கைதட்டினார்களாம். அவர் வேலை செய்யும் கந்தோரில் கேக் வெட்டினார்கள். கேக் வெட்டுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் என்றாலும், அந்த முறை காரணம் சரியாக இருந்தது என்று நம்பினோம்.

கொழும்பில் ஒரு சங்கம் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேசியப் போட்டி வைக்கிறது. கலந்துகொள்ள வேண்டுமானால் மிஸ்ஸியின் எடைப் பிரிவில் நூற்றிப்பத்துக் கிலோ தூக்கும் வீடியோ அனுப்ப வேண்டும். பக்கவாட்டில் நின்று, வெட்டாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். நூற்றிப்பதினைந்து தூக்கியவருக்கு நூற்றிப்பத்து என்ன பெரிய காரியம். ஹுஸ்னியா ஃபோனைப் பிடித்தாள், மிஸ்ஸி தூக்கினார், நான் அனுப்பினேன்.

அதற்குமுன் ஒருநாள், எதற்கு இந்தப் போட்டி, எல்லோருக்கும்தான் தெரியுமே என்று மிஸ்ஸியிடம் கேட்டிருந்தேன். அவர் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"நானா, நான் பாக்கிற வேலையில பிள்ளை சுகமாப் பிறந்தா தாயைப் புகழுவினம், டொக்டரைப் புகழுவினம். அது சரிதான். வீட்டில சமைச்சா மாமியும் நானும் சேந்து சமைச்சது. இது ஒண்டுதான் நான் தனியச் செய்யிறது. இது எவ்வளவெண்டு எனக்குச் சரியாத் தெரியவேணும்."

பதில் ஒரு விடியற்காலையில் வந்தது. மிஸ்ஸி உள்ளே வந்து ஃபோனை என் கையில் தந்தார். 'பின்னால் நிற்பவரின் கை தண்டில் படுகிறது. ஏற்க முடியாது. யூன் மாத முடிவுக்குள் மறுபடி அனுப்பலாம்' என்று இருந்தது.

அப்படி இருக்காது என்றுதான் வீடியோவைத் திறந்தேன். மிஸ்ஸி இறங்குகிறார். நிக்கலஸும் இறங்குகிறார். அடியில் இருந்து எழும்பும்போது, பாதி வழியில், எல்லோருக்கும் சிக்குகிற அந்த இடத்தில், நிக்கலஸின் வலது உள்ளங்கை தண்டின் நடுவில் கீழிருந்து போய் உட்காருகிறது. மூட்டையின் அடியில் வைப்பதுபோல, இயல்பாக. சிக்கின இடம் தாண்டியதும் கை இறங்குகிறது. நான் முன்னால் நின்றுதான் எப்போதும் பார்ப்பேன். முன்னால் இருந்து அது தெரியவே தெரியாது. பக்கத்தில் கண்ணாடியும் இல்லை.

நிக்கலஸிடம் காட்டினேன். அவர் ஃபோனைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் பிடிக்கேல்லயே," என்றார்.

"படத்தில இருக்கிறது உங்கட கைதானே?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"ஓம், என்ட கைதான். ஆனா நான் பிடிக்கேல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் மோசம். பொய் சொன்னால் திட்டிவிட்டு முடிக்கலாம். ஒரு நாட்டாமை முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு அடியெடுத்து வைக்கும்போது, பின்னால் இருப்பவன் மூட்டையின் அடியில் கை கொடுப்பான். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. மூச்சு விடுவதுபோல ஒரு பழக்கம். கை கொடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவனோடு அடுத்த நாள் யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். அந்தத் தொழிலில் தலை நரைத்த ஒரு மனிதரைக் கொண்டுவந்து, மனிசியின் பின்னால் நிறுத்தி, கையைச் சும்மா வைத்திரு என்று சொன்னால் கை கேட்குமா? இது எனக்கு முதலே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

மிஸ்ஸி வாங்கில் உட்கார்ந்து பெல்ட்டைக் கழற்றினார்.

"நூற்றிப்பதினைஞ்சு தூக்கேக்கையும் பிடிச்சனீங்களோ?"

"தெரியா மலர்."

"நூறு தூக்கேக்க?"

"எனக்குத் தெரியாதெண்டு சொல்றன் தானே."

"அதில எத்தினை கிலோ உங்கட, எத்தினை கிலோ என்ட?"

நிக்கலஸ் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. ஒரு விரலால் தள்ளினாலே சிக்கின இடத்தைத் தாண்டிவிடலாம். அவர் கொடுத்தது ஒரு கிலோவா இருபது கிலோவா என்று அந்தக் கைக்குச் சொல்லத் தெரியாது, தண்டுக்கும் தெரியாது. மிஸ்ஸி அழுதார். முகத்தை மூடிக்கொண்டு அழவில்லை, உட்கார்ந்த இடத்தில் அப்படியே கண்ணைத் துடைக்காமல் அழுதார். நான் கடைப்பக்கம் போய், ஏற்கெனவே எண்ணி வைத்திருந்த ஆணிப்பெட்டிகளை இன்னொருமுறை அடுக்கினேன். புருசன் பெண்சாதி விவகாரத்தில் வாயை வைப்பவன் கடையை மூடிவிட்டு வந்துதான் வைக்க வேண்டும்.

அடுத்த நாள் குறுக்குக் கம்பிகளைத் தேடி எடுத்து, கறள் சுரண்டி, எண்ணெய் போட்டு ராக்கில் பூட்டினேன். மிஸ்ஸி குந்தும் ஆழத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவாகக் கீழே, தண்டு விழுந்தால் ஏந்தும்படி வைத்தேன். இனிப் பின்னால் யாரும் தேவையில்லை. நிக்கலஸ் வரவில்லை. மிஸ்ஸி தனியாக வந்தார்.

தொண்ணூறு கிலோ வைத்தோம். மழைக்காலத்துக்கு முன்பே தாண்டிப்போன பாரம், கணக்கில் பெரிதாக எதுவும் இல்லை. மிஸ்ஸி இறங்கினார். எழும்பவில்லை. தண்டு கம்பியில் உட்கார்ந்தது, அவர் அதன் கீழிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். இன்னொருமுறை வைத்தார். அப்போதும் ஏலவில்லை.

"கால் ஏலாமல் இல்ல நானா," என்றார். "முதுகுப் பக்கம் வெறுமையா இருக்கு. கீழ போகவே பயமா இருக்கு."

நான் வழக்கமாக ஆறுதல் சொல்வதில்லை. ஆனால் அன்று அவரைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. இரண்டு வருட உழைப்பு ஒரு வீடியோவில் போய்விட்டது என்று அவர் நினைக்கிறார் என்பது தெரிந்தது. அது போகவில்லை என்று சொன்னேன். எவ்வளவு இருக்கிறதென்றுதான் தெரியாது, அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம் என்றேன்.

எழுபதுக்கு இறங்கினோம். எழுபதோடு குந்தி, ஆக அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வைத்தேன். பயம் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழகினால் பயத்துக்கு அலுத்துவிடும். கிழமையில் ஒருநாள் மட்டும் பாரம், மற்ற நாட்களில் இப்படி உட்காருவது. பாரமான நாளில் ஒரு தடவைக்கு மேல் கிடையாது. இன்னும் ஒன்று செய்கிறேன் என்று கெஞ்சினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வயிற்றில் காற்றை நிரப்பி பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளச் சொன்னபோது மட்டும் சிரித்தார். அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை என்றார். அவர் ஊர்ப் பெண்களுக்கு ஆயிரம் தரம் சொன்ன விஷயம்தான்.

கொஞ்ச நாள் கழித்து நிக்கலஸ் திரும்பி வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார்.

"நானா, எங்கட ஆள் ஒருத்தன் மூட்டையோட பலகையில ஏறேக்க பின்னால நிண்டவன் பீடி பத்தவெண்டு போயிட்டான். மூட்டை பின்னால சரிஞ்சு, அவன் விழுந்து, இண்டைக்கும் படுக்கையிலதான். அதை நான் கண்ணால பாத்தனான். பாத்தவன் எப்பிடி நானா கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறது?"

"இங்க கம்பி இருக்கு நிக்கலஸ்."

"கம்பிக்குத் தெரியுமோ அது ஆர் எண்டு?"

இரும்புக்கு ஆள் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிபவன் நான். அதையே ஒருவர் குறையாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்து மிஸ்ஸி சொன்னார்: "முந்தி ஆஸ்பத்திரியில நான் எத்தினை பேரிட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். அந்தப் பிள்ளையள் கத்தேக்க என்ட விரலை நெரிச்சுப்போடுவினம். பிடிச்சுக்கொண்டு நிக்கலாம். அவையளுக்காக நான் முக்க ஏலாது."

"அது வேற மலர்."

"வேற இல்ல."

நிக்கலஸ் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்துவிட்டார். அதிலிருந்து அங்கே இரண்டு பயிற்சி நடந்தது. மிஸ்ஸிக்குப் பாரம் கூட்டும் பயிற்சி, நிக்கலஸுக்குக் கையைக் கட்டும் பயிற்சி. இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. காற்சட்டைப் பையில் கையை விடச் சொன்னேன். மிஸ்ஸி எழும்பச் சிக்கினபோது கை பையையும் கிழித்துக்கொண்டு வந்தது. சின்ன டம்பெல் இரண்டை இரண்டு கையிலும் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றைத் தன் கால் பெருவிரலில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கடைசியில் ராக்கிலிருந்து ஆகத் தூரத்தில், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். மிஸ்ஸி குந்தும்போது அவரும் அங்கே நின்றபடி குந்துவார். மிஸ்ஸியின் முகம் சிவக்கும்போது அவருடைய முகமும் சிவக்கும். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, மாமாவுக்கு என்ன வருத்தம் என்று ஹுஸ்னியாவிடம் விசாரித்தார்கள். நான் சிரித்தேன். மிஸ்ஸியும் நாளடைவில் சிரித்தார்.

தொண்ணூறு திரும்ப வந்தது. சித்திரை கழிய தொண்ணூற்றைந்து. பிறகு ஒரு மாதம் ஒன்றும் நகரவில்லை. இரும்பு அப்படித்தான், ஒரு இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும், தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கச்சான் காற்று தொடங்கி ஸ்டோரின் தகரக் கூரை அனலாகக் காயும் காலத்தில் நூறு வந்தது. நூறு எழும்பிய அன்று மிஸ்ஸி தண்டை ராக்கில் வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். பாதர் அறிவித்ததைவிட பதினைந்து கிலோ குறைவு. கோயிலில் யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "நூறெண்டு சொல்லுவன்," என்றார். சொல்லியும் இருக்கிறார். அதற்குப் பிறகு கந்தோரில் யாரும் கேக் வெட்டவில்லை என்று ஹுஸ்னியா சொன்னாள்.

யூன் நடுவில் நூற்றைந்து எழும்பியது. சில நொடி சிக்கி நின்று, மெல்ல மெல்ல எழும்பியது. நான் கணக்குப் போட்டேன். மிச்சம் இருந்த நாட்களில் இன்னும் ஐந்து கிலோ வருவது சந்தேகம். மிஸ்ஸியிடம் சொல்லவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும்.

கடைசி நாள் விடிய, ஹுஸ்னியா ஃபோனோடு பக்கவாட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகக் கமெராவுக்குக் காட்டிப் போட்டேன். நூற்றிப்பத்து. மிஸ்ஸி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தண்டின் கீழே நுழைந்தார். நிக்கலஸ் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறங்கியது நன்றாகத்தான் இருந்தது. எழும்பும்போது பாதி வழியில் சிக்கியது. நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க் கம்பியில் உட்கார்ந்தது. மிஸ்ஸி கீழே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏதும் நொந்ததோ?" என்று நிக்கலஸ் வாசலில் இருந்து கேட்டார். நிலையை விடவில்லை. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"இல்ல."

இன்னொரு தடவைக்கு உடம்பில் இருக்கும், மூன்றாவதுக்கு இருக்காது. அதைச் சொன்னேன். மிஸ்ஸி தண்ணீர் குடித்தார், தலைமயிரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், வாங்கில் நெடுநேரம் இருந்தார். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. பிறகு எழும்பி நிக்கலஸைப் பார்த்தார்.

"நீங்க பின்னால வாங்க."

நானும் ஹுஸ்னியாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கை பட்டால் இந்த வீடியோவும் போய்விடும், இனி நாளும் இல்லை.

நிக்கலஸ் அசையவில்லை. "ஏலாது மலர். நான் வரமாட்டன்."

"ஏன்?"

"என்ட கையை நான் நம்பமாட்டன்."

"எனக்குத் தனியத் தூக்கவேணும்," என்றார் மிஸ்ஸி. "தனிய நிக்கவேணுமெண்டு நான் சொல்லேல்ல. வாங்க."

அவர் வந்தார். வாசலிலிருந்து ராக் வரை அந்த மனிதர் நடந்து வந்ததை நான் மறக்க மாட்டேன், தூக்கப் போகிறவர் அவர்தான் என்பதுபோல வந்தார். மிஸ்ஸியின் பின்னால், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். நான் என் வழக்கத்துக்கு மாறாகப் பக்கவாட்டுக்குப் போய் ஹுஸ்னியாவின் அருகில் நின்றேன். அங்கிருந்துதான் கை தெரியும்.

மிஸ்ஸி மூச்சை நிரப்பினார். இறங்கினார். நிக்கலஸும் இறங்கினார். அடியில் ஒரு நொடி. எழும்பத் தொடங்கினார்கள். பாதி வழியில் தண்டு நின்றது, முன்பு நின்ற அதே இடத்தில். மிஸ்ஸியின் தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நிக்கலஸின் இரண்டு கையும் மேலே வந்தன. உள்ளங்கை விரிந்து, தண்டின் அடியில், ஒரு விரல் கனம் இடைவெளியில் வந்து நின்றன. தொட்டுவிட்டார் என்றே நினைத்தேன். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கையைக் கொடுத்துவிடுங்கள் ஐயா என்று சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனால் நினைக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

தண்டு ஒரு அங்குலம் நகர்ந்தது. கைகளும் அதே அளவு நகர்ந்தன. இடைவெளி அப்படியே இருந்தது. இன்னொரு அங்குலம். பிறகு சிக்கின இடம் தாண்டிவிட்டது. மிஸ்ஸி நேராக நிமிர்ந்து நின்றார், இரண்டடி முன்னால் வைத்து தண்டை ராக்கில் போட்டார். இரும்பில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. ஹுஸ்னியா ஃபோனை நிறுத்தாமல் மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சத்தமும் வீடியோவில் இருக்கிறது.

நான் ஃபோனை வாங்கி, சிக்கின இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் எதிர்ச்சுவரின் வெள்ளை தெரிந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் ஒரு இடத்திலும் அறவில்லை.

நிக்கலஸ் நின்ற இடத்திலேயே நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சேட் முழுக்க வேர்த்திருந்தது. முகம் ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷமா, ஏதோ தொலைந்துபோன மாதிரியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு ஒரு பாரமும் தெரியேல்ல மலர்," என்றார்.

மிஸ்ஸி பெல்ட்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.

"எப்பிடித் தெரியும்," என்றார். "அது முழுக்க என்ட."